பட்டினியில் கொழுக்கும் ஈஸ்ட்

"ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயம் தரும் என்றுதான் பள்ளியில் படித்தோம். இப்போது வைக்கோலைக் கொடுத்தால் எண்ணெய் தரும் என்கிறார்களே, இதில் எவ்வளவு உண்மை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சந்தேகம் நியாயமானதுதான். தண்ணீரில் ஓடும் வண்டி, மூலிகையில் பிறக்கும் பெட்ரோல் என்று எத்தனையோ அதிசயங்களைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது அந்த வரிசையில் சேராது. முதல் உலகப் போரின்போது கொழுப்புத் தட்டுப்பாட்டில் தவித்த ஜெர்மனியில், பால் லிண்ட்னர் என்ற நுண்ணுயிரியலாளர் ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சையை வளர்த்துக் கொழுப்பு எடுக்க முனைந்தார். விஷயம் அவ்வளவு பழையது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈஸ்ட் இனங்களில் சில டஜன் இனங்களுக்கு மட்டுமே இந்தத் திறமை உண்டு. உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் சேர்க்கும் ஈஸ்டை எண்ணெய் ஈஸ்ட் என்கிறார்கள். யாரோவியா லிப்போலைட்டிகா, லிப்போமைசஸ் ஸ்டார்க்கேயி, இளஞ்சிவப்பு நிறத்தில் வளரும் ரோடோடோருலா டோருலாய்டெஸ் ஆகியவை இதில் பிரபலமானவை. சில இனங்கள் 60 சதவீதத்தையும் தாண்டும். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் சாக்கரோமைசஸ் செரவிசியே பொதுவாக 10 சதவீதத்துக்குள் நின்றுவிடும்.

முதல் படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைக்கோல், மரத்தூள், சோளத்தட்டை எல்லாமே பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிகள்தான். அமிலமோ நீராவியோ கொண்டு இளக்கி, அந்தச் சங்கிலிகளை வெட்டும் செல்லுலேஸ் நொதிகளை ஊற்றினால் குளுக்கோஸும், ஐந்து கரியணுக்கள் கொண்ட சைலோஸும் கரைந்து வெளிவரும். சாக்கரோமைசஸ் இயல்பில் சைலோஸைத் தொடாது. மேலே சொன்ன லிப்போமைசஸும் ரோடோடோருலாவும் இரண்டையும் தின்னும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். நிறையத் தின்றால் கொழுக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எல்லாச் சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இந்த ஈஸ்ட் கொழுப்பதில்லை. பிரிந்து பிரிந்து பெருகுகிறது. கொழுக்க வைக்க வேண்டுமானால், சர்க்கரையை அள்ளிக் கொடுத்து நைட்ரஜனை மட்டும் நிறுத்த வேண்டும். புரதத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் நைட்ரஜன் இல்லாமல் முடியாது. செங்கல் மலைபோலக் குவிந்திருந்தும் சிமென்ட் தீர்ந்துபோனால் வீட்டு வேலை நிற்பதுபோல, செல்லின் பெருக்கம் நிற்கிறது. சர்க்கரையோ உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அதை எண்ணெய்ப் பக்கம் திருப்பிவிடுவது யார்?

1979இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் காலின் ராட்லெட்ஜும் போத்தமும் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். நைட்ரஜனுக்கு அலையும் செல் கையில் கிடைத்ததையெல்லாம் பிய்க்கத் தொடங்குகிறது. அப்படிப் பிய்படும் மூலக்கூறுகளில் ஒன்று, செல்லின் ஆற்றல் நிலையைக் காட்டும் சமிக்ஞையான ஏ.எம்.பி. ஒரு நொதி அதிலிருந்து அமினோ தொகுதியை வெட்டி அம்மோனியாவாக்கிக் கொடுக்கிறது. கிடைப்பது என்னவோ ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஒரு நைட்ரஜன் அணு. ஆனால் ஏ.எம்.பி. வெறும் நைட்ரஜன் மூட்டை இல்லை. செல் தன் மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் அறையில் உணவை எரிக்கும் கிரெப்ஸ் சுழற்சியில், ஐசோசிட்ரேட் என்ற இடைப்பொருளை அடுத்த படிக்குத் தள்ளும் நொதி, எண்ணெய் ஈஸ்ட்களில் ஏ.எம்.பி. இருந்தால்தான் வேலை செய்யும். ஏ.எம்.பி. சரிந்ததும் அந்த நொதி முடங்குகிறது, சுழற்சி பாதியில் அடைபடுகிறது. தேங்கும் ஐசோசிட்ரேட் பின்னோக்கி சிட்ரேட்டாக மாறுகிறது. சிட்ரேட் நிரம்பி வழிந்து, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைக் கடந்து வெளியே வருகிறது.

வெளியே ஏ.டி.பி. சிட்ரேட் லையேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. அது சிட்ரேட்டை இரண்டாக உடைத்தால் அசிட்டைல் கோ-ஏ கிடைக்கும். கொழுப்பு அமிலத்தின் மூலப்பொருளே அதுதான். சாக்கரோமைசஸிடம் இந்த நொதி கிடையாது, அதனால் சிட்ரேட் வழியாகக் கொழுப்புக்குப் போகும் பாதையும் அதற்கு இல்லை. எண்ணெய் ஈஸ்டில் அசிட்டைல் துண்டுகள் இரண்டிரண்டு கரியணுக்களாகக் கோக்கப்பட்டு, 16, 18 கரியணுக்கள் கொண்ட சங்கிலிகளாகின்றன. பிறகு மும்மூன்றாகக் கிளிசரால்மீது ஏறி எண்ணெய்த் துளியாகத் திரள்கின்றன. நைல் சிவப்பு என்ற சாயம் ஏற்றி ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் துளிகள் பொன்மஞ்சளாக ஒளிரும். முதல் நாள் புள்ளிகளாகத் தெரிபவை, நைட்ரஜன் தீர்ந்த சில நாட்களில் செல்லை அடைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

எண்ணெய் செய் என்று செல்லுக்கு யாரும் கட்டளையிடவில்லை. ஒரு தட்டுப்பாட்டைச் சமாளிக்கப்போய், தன்னிடமிருந்த ஒரு சமிக்ஞையையே அது தின்றுவிட்டது. எண்ணெய் அதன் பின்விளைவு. மரபணு மாற்றத்தால் இப்போது இந்தப் பூட்டை வேறு வழிகளிலும் திறக்கிறார்கள். 2014இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, யாரோவியாவில் எண்ணெயின் பங்கை ஏறத்தாழ 90 சதவீதம் வரை உயர்த்தியது. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண்தான். ஆனால் நான் பார்க்கும் எண் வேறு: 100 கிராம் சர்க்கரையைக் கொடுத்தால் எத்தனை கிராம் எண்ணெய் வரும்?

கணக்கை நாமே போடலாம். ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு அசிட்டைல் துண்டுகள் கிடைக்கும். மீதமுள்ள இரண்டு கரியணுக்கள் கரியமில வாயுவாகப் போய்விடும். 16 கரியணு கொண்ட பால்மிடிக் அமிலத்துக்கு எட்டுத் துண்டுகள், அதாவது நான்கு குளுக்கோஸ் வேண்டும். எடைக் கணக்கில் 720 கிராம் சர்க்கரைக்கு 256 கிராம் அமிலம். சங்கிலியைக் கோக்கத் தேவையான ஹைட்ரஜனுக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை செலவாகும். ஆக, 100 கிராமுக்கு மூன்றில் ஒரு பங்குதான் உச்சம். நடைமுறையில் 20 கிராமை ஒட்டிக் கிடைத்தாலே நல்ல விளைச்சல். இது இந்த வேதிப்பாதை வைத்த வரம்பு, இதே பாதையில் போகும்வரை எந்த மரபணுவும் இதைத் தாண்டாது.

இதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குளுக்கோஸின் எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன். பால்மிடிக் அமிலத்தில் அது எட்டில் ஒரு பங்குதான். கிராமுக்குச் சர்க்கரை 4 கலோரி, எண்ணெய் 9 கலோரி. உச்ச விளைச்சலை எட்டினால் 400 கலோரியில் 300 வரை எண்ணெயில் தங்கிவிடும். குறைந்தது எடை, ஆற்றலில் பெரும்பகுதி பத்திரமாக இருக்கிறது.

பிறகு ஏன் இது இன்னும் வண்டிகளின் டீசல் டேங்கை நிரப்பவில்லை? சாராயத்துக்குக் காற்றே வேண்டாம். எண்ணெய் ஈஸ்டுக்கோ தொட்டியில் நாள்கணக்கில் காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கிளம்பும் சூட்டையும் தணிக்க வேண்டும். எண்ணெய் செல்லுக்குள்ளேயே கிடப்பதால் தடித்த செல்சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நிதிப் பிரச்சினை தனி. கச்சா எண்ணெய் விலை ஏறும்போது இந்த ஆய்வுக்குப் பணம் கொட்டுகிறது, இறங்கியதும் குழாயை மூடிவிடுகிறார்கள். பத்தாண்டு நிதானம் தேவைப்படும் வேலையைச் சந்தை விலைப் பலகையைப் பார்த்து நடத்துவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மலிவு எரிபொருளோடு மோதுவது கடினம். விலை உயர்ந்த எண்ணெய்களின் கதை வேறு. மீன் எண்ணெயில் மதிக்கப்படும் இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 அமிலத்தை டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யாரோவியாவிலேயே உருவாக்கி 2013இல் வெளியிட்டார்கள். அந்த ஈஸ்டின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் இ.பி.ஏ.தான். அதைத் தீவனத்தில் கலந்து சால்மன் மீன்களுக்கும் கொடுத்தார்கள்.