அகன்ற சக்கரம், புடைத்த மட்கார்டு: பழைய போர்ஷேவுக்கு ஜெர்மனியில் என்ன விதி?

ஜெர்மனியில் ஓடும் பழைய போர்ஷே 911-க்கு அகன்ற சக்கரம் போடலாமா? போடலாம். அதற்கு இடம் கொடுக்கப் பின் மட்கார்டை வெட்டி, வெளியே புடைத்த மட்கார்டைப் பற்றவைக்கலாமா? அதுவும் செய்யலாம். ஆனால் சட்டம் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. மாற்றிய வண்டி சாலையில் பாதுகாப்பாக ஓடுமா என்பது ஒன்று. மாற்றிய பிறகும் அது பழங்கால வண்டிதானா என்பது மற்றொன்று. முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்றுப்போகும் வண்டிகள் உண்டு.

இரண்டாவது கேள்விக்குப் பின்னால் பணம் இருக்கிறது. 1997 முதல், முப்பது ஆண்டு நிறைந்த, பெரும்பாலும் அசல் நிலையிலேயே நன்றாகப் பேணப்பட்ட வண்டிகளுக்குப் பதிவெண்ணின் முடிவில் 'எச்' என்ற எழுத்துடன் தனி எண்பலகை தருகிறார்கள். அந்த எழுத்து கிடைத்தால் காருக்கு ஆண்டு வரி 191.73 யூரோ, எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் அவ்வளவுதான். கிடைக்காவிட்டால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத 2.7 லிட்டர் 911-க்கு ஒவ்வொரு 100 கன செ.மீ.க்கும் 25.36 யூரோ வீதம் ஏறத்தாழ 685 யூரோ கட்ட வேண்டும். நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் ஸ்டிக்கர் இல்லாமல் நுழையும் சலுகையும் அந்த எழுத்தோடு சேர்ந்தே வருகிறது.

முதலில் பாதுகாப்பு. சாலைப் போக்குவரத்து அனுமதி ஆணையின் 19ஆம் பிரிவின்படி, மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாகும் என்று எதிர்பார்க்கத்தக்க மாற்றத்தைச் செய்தால் வண்டியின் இயக்க அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். எந்த அதிகாரியும் வந்து ரத்து செய்யத் தேவையில்லை. ஆய்வு செய்து ஒப்புதல் பெறாத சக்கரமும் மட்கார்டும் இந்த வலையில்தான் விழும். 36அ பிரிவு சக்கரத்துக்குப் போதுமான மூடி வேண்டும் என்கிறது. 'போதுமான' என்பதற்கு ஆய்வாளர்கள் கையில் எடுக்கும் அளவுகோல் ஐரோப்பிய விதியில் இருக்கிறது. அச்சின் மையத்துக்கு நேர் மேலே இருந்து முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரை டயரின் முழு அகலமும் மட்கார்டுக்குள் அடங்க வேண்டும். பின்புறம் மூடியின் விளிம்பு, அச்சு மையத்திலிருந்து 150 மி.மீ. உயரத்துக்கு மேல் நின்றுவிடக் கூடாது.

911-இல் இது ஏன் தலைவலியாகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். மைனர்ட்ஸ்ஹாகன் நகரின் ஓட்டோ ஃபூக்ஸ் நிறுவனம் வார்த்தெடுக்காமல் அடித்து உருவாக்கிய அலாய் சக்கரங்கள்தான் இந்தக் காரின் முகம். 15 அங்குல விட்டத்தில் 6 அங்குல அகல ரிம்முக்கு ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், சக்கரத்தைத் தாங்கும் அச்சுமுனையான ஹப்பில் அது பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) 36 மி.மீ.; 7 அங்குலத்துக்கு 23.3, 8 அங்குலத்துக்கு 10.6. ரிம் அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டிப் பாருங்கள். மூன்றிலும் உள்விளிம்பு ஹப்பிலிருந்து 112.2 மி.மீ.யில்தான் நிற்கிறது. அதாவது உள்ளே ஒரு மயிரிழைகூட நகரவில்லை. கூடுகிற ஒவ்வோர் அங்குலமும் முழுசாக வெளியே வருகிறது. 6-இலிருந்து 8-க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் 50.8 மி.மீ. துருத்தும். குறுகலான பழைய மட்கார்டு அதை எப்படி மூடும்? போர்ஷே நிறுவனமே 1973 கரேரா ஆர்எஸ் 2.7 மாடலுக்குப் பின்னால் 7 அங்குல ரிம் போட்டபோது பின் மட்கார்டைப் புடைக்க வைத்தது. 1975 டர்போவுக்கு 8 அங்குலம் போட்டபோது இன்னும் பெரிதாகப் புடைக்க வைத்தது. அழகுக்காக மட்டும் வந்த புடைப்பு அல்ல அது.

டயரில் ஒரு நல்ல செய்தி. 185/70-15 டயரின் விட்டம் 640 மி.மீ.; 215/60-15 டயருக்கு 639. அகலம் 30 மி.மீ. கூடியும் உருளும் சுற்றளவு ஏறத்தாழ மாறவில்லை. எனவே ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும் சிக்கல் எழாது. டயருக்கும் ரிம்முக்கும் அகலப் பொருத்தம் இருக்கிறதா, சுமை எண்ணும் வேகக் குறியும் வண்டிக்குப் போதுமா என்பதை மட்டும் தனியே சரிபார்க்க வேண்டும்.

இனி 'எச்'. இங்கே ஆய்வாளர் அளவுநாடாவைக் கீழே வைத்துவிட்டு நாட்காட்டியை எடுக்கிறார். வழிகாட்டு நெறி இதுதான்: முதல் பதிவிலிருந்து பத்து ஆண்டுக்குள் செய்யப்பட்ட, அல்லது அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடிய மாற்றம் ஏற்கப்படும். 1970 மாடல் 911-க்கு 1973 ஆர்எஸ் பாணி மட்கார்டு பொருந்தும். 1975 டர்போ பாணியும் அந்தப் பத்தாண்டுக்குள் அடங்குவதால் வாதாட இடமுண்டு. அதே வண்டிக்கு 1989-இல் வந்த 964 என்ற பிந்தைய தலைமுறை 911-இன் தோற்றத்தைக் கொடுத்தால் கதை முடிந்தது. ஃபூக்ஸ் வடிவத்தையே நகலெடுத்த 17 அங்குல ரிம்மும் அப்படித்தான். பாதுகாப்புச் சான்றிதழ் கச்சிதமாக இருக்கலாம், எழுபதுகளில் அப்படி ஒரு ரிம் கிடையாது. என் பார்வையில் இது நியாயமான விதி. சலுகை கொடுப்பது பழமையைக் காப்பாற்றுகிறவருக்கு. பழைய கூட்டுக்குள் புதிய காரைக் கட்டுகிறவருக்கு அல்ல.

எஃகு மட்கார்டை விட ஃபைபர் கண்ணாடி மட்கார்டுக்குக் கேள்விகள் அதிகம் வரும். பொருளின் தரச் சான்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று விற்பனையில் இருந்ததற்குப் பழைய கேட்டலாக் போன்ற ஆதாரமும் கேட்பார்கள். பற்றவைத்த எஃகு என்றால் பற்றவைத்த இணைப்பும் துருத் தடுப்பும் சோதிக்கப்படும். வேலை நடக்கும்போதே படம் எடுத்து வைப்பது நல்லது, பெயின்ட் அடித்தபின் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

செய்முறை என்று பார்த்தால், சக்கரம் வாங்கும் முன்பே டியூஃப் போன்ற ஆய்வு நிறுவனத்தின் பொறியாளரிடம் போய்ப் பேசிவிட வேண்டும். ரிம்முக்கு உதிரிபாகச் சான்று இருந்தால், பொருத்தியவுடன் காலதாமதமின்றிக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி அந்த ஒரு வண்டிக்கென்று தனி ஆய்வு, செலவு கூடும். வெட்டி ஒட்டிய மட்கார்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் போகும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், சஸ்பென்ஷனை முழுதாக அமுக்கியும் டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே மடித்த மட்கார்டு விளிம்பில் கூர்முனை இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். 'எச்' தகுதிக்கான மதிப்பீடு 23ஆம் பிரிவின்கீழ் தனி அறிக்கை. இரண்டையும் ஒரே வருகையில் முடிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் பதிவு அலுவலகத்தில் கொடுத்து வண்டியின் ஆவணத்தில் மாற்றத்தைப் பதிய வைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் வழக்கமான பரிசோதனையில் 'எச்' தகுதியும் மறுபடி பார்க்கப்படும். அப்போது வேறு ரிம் மாட்டியிருந்தால், முந்தைய அறிக்கை அந்த ரிம்முக்குச் செல்லாது.