பாம்புக்கடி: இலவச விஷமுறிவு மருந்தும் 20 நிமிட ரத்தப் பரிசோதனையும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இலவசம். 2024 நவம்பரில், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகப் பாம்புக்கடியையும் மாநில அரசு சேர்த்தது. இனி தனியார் மருத்துவமனைகளும் கடியையும் இறப்பையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால், ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை விஷம் தீர்த்துவிடும். ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் கசிவு நிற்காது. கடிவாயைக் கீறக்கூடாது என்பது இதனால்தான். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பைப் பிடித்துவர வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன் உட்பட நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான்.

மருத்துவமனையில் முதலில் செய்ய வேண்டியது 20 நிமிடப் பரிசோதனை. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூளில் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமே உறையாமல் போகும். இடையில் ஆட்டினாலும் முடிவு கெடும்.

முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். விஷம் மெதுவாக ஏறலாம். முதல் 3 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறையும், பிறகு மணிக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருப்பது நல்லது.

உறையவில்லை என்றால் வழக்கமாக 10 குப்பி மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான்; ஆள் சிறிது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதிப்பார்கள். உறைபொருள்களைக் கல்லீரல் புதிதாகச் சுரக்க அவ்வளவு நேரமாகும். அப்போதும் உறையாவிட்டால் மீண்டும் மருந்து. விஷத்தை முறிக்காமல் பிளாஸ்மா (உறைபொருள்கள் உள்ள ரத்தத்தின் திரவப் பகுதி) மட்டும் ஏற்றினால் அதையும் விஷம் தின்றுவிடும்.

மருந்து ஏறும்போது அரிப்போ நடுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தி அட்ரீனலின் ஊசி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு மருந்தை மெதுவாகத் தொடர்வார்கள். சிறுநீர் குறைந்தாலும் கருத்தாலும் அதையும் சொல்லுங்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், ஒவ்வொரு பரிசோதனையின் நேரம், முடிவு, ஏற்றிய குப்பிகளின் எண்ணிக்கை மூன்றையும் சீட்டில் எழுதி வாங்காமல் ஆம்புலன்ஸில் ஏறாதீர்கள்.