கத்தரிப்பூ நிறம் எங்கே போனது?

காவேரிப்பட்டணத்திலிருந்து வாசகர் ஒருவர் மோதிரப் படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். ஏழரைச் சனிக்கு நீலக்கல் வாங்க வசதியில்லை. பதிலுக்கு ஜோசியர் சொன்னது செவ்வந்திக்கல், அதாவது அமெதிஸ்ட். மோதிரம் இறுக்கமாகிவிட, வளையத்தை வெட்டிப் பெரிதாக்கப் பத்தரிடம் கொடுத்திருக்கிறார். பத்தர் கல்லைக் கழற்றாமலே தீயைக் காட்டிவிட்டார். கத்தரிப்பூ நிறத்தில் போன கல், வெளுத்த மஞ்சளாகத் திரும்பி வந்திருக்கிறது. "கல்லோட பவர் போயிடுச்சா சார்?"

பவர் என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு! எப்போதோ வீட்டை விட்டுப் போன எலக்ட்ரான்கள் திரும்பி வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

செவ்வந்திக்கல் குவார்ட்ஸ் வகை. நம் மானாவாரிக் காடுகளில் காலில் இடறும் வெங்கச்சங்கல்லும் அதே சிலிக்கான் டை ஆக்சைடுதான். இருட்டில் இரண்டு வெங்கச்சங்கற்களை உரசி, உள்ளே மினுக்கும் வெளிச்சத்தையும் கருகல் வாடையையும் அனுபவிக்காத பிள்ளைகள் எங்கள் காலத்தில் குறைவு. அரூர்ப் பக்கம் மாலிப்டினம் என்ற உலோகம் கிடைப்பதும் குவார்ட்ஸ் நரம்புகளில்தான்.

பிரேசிலின் தெற்கிலும் உருகுவேயிலும் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி இறுகியது. உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் பொந்துகளாக நின்றுவிட்டன. சிலிக்கா கரைந்த நீர் கசிந்து, பொந்தின் சுவரில் படிகங்கள் உள்நோக்கி வளர்ந்தன. சரி, படிகம் வந்தாயிற்று. நிறம்?

படிகத்துக்குள் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். நீரோடு வந்த இரும்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலிக்கானின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போதும் ஊதா நிறம் வராது. சுற்றியுள்ள பாறையில் பொட்டாசியம் இருக்கிறது. அதன் அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்று கதிரியக்கப் பொட்டாசியம்-40. வாழைப்பழத்திலும் நம் உடம்பிலும் இருக்கும் அதேதான். அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள், அவசரமே இல்லை. அது எப்போதாவது விடும் காமாக் கதிர் ஒன்று, இரும்புக்குப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். அந்த எலக்ட்ரான் படிகத்தின் வேறு மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். எலக்ட்ரானை இழந்த இரும்பு இப்போது மஞ்சள், பச்சை ஒளியை விழுங்குகிறது. தப்பி வரும் சிவப்பும் நீலமும் கலந்து நம் கண்ணுக்குக் கத்தரிப்பூ நிறமாகிறது. இரும்புக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்திருந்தால், இதே கதிர் கல்லைப் புகைப் பழுப்பாக்கியிருக்கும்!

பாட்டி சிறுவாடு சேர்ப்பது மாதிரி, ஒவ்வொரு எலக்ட்ரானாக நெடுங்காலம் சேர்ந்த நிறம் இது. நல்ல செவ்வந்திக்கல் ஒன்றை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நிறம் ஒரே சீராக இல்லாமல் பட்டை பட்டையாகத் தெரியும். வளரும்போது இரும்பு எந்த முகத்தில் அதிகம் ஒட்டியதோ அங்கே அடர்த்தி. மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்தரின் தீ அந்தச் சிறுவாட்டை ஒரே நிமிடத்தில் கரைத்துவிட்டது. 400 டிகிரி வாக்கில் சூடேறினாலே, மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் விடுபட்டுப் பழைய இடத்துக்கு ஓடிவிடும். பிறகு எஞ்சிய இரும்பு மஞ்சள் காட்டும். 573 டிகிரியில் குவார்ட்ஸின் கட்டமைப்பே மாறுகிறது, விரிசல் விடாமல் கல் வந்ததே பெரிய விஷயம்.

ஒரு புலம்பல். கிருஷ்ணகிரி, தருமபுரி கிரானைட் கண்டம் தாண்டிப் போகிறது. ஆனால் அதை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க, இங்கே எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்க்கிறது? அந்த வருமானத்தில் ஒரு துளியை ஒதுக்கினால் போதும்.

சரி, மோதிரத்துக்கு வருவோம். ரொம்பவும் சுடாமல் இருந்திருந்தால், கதிரியக்கக் கோபால்ட்-60 விடும் காமாக் கதிரில் வைத்து ஊதாவை மீட்கலாம். செலவு கல்லின் விலையைத் தாண்டும். அப்படியே விட்டாலும் நஷ்டமில்லை. சூடேற்றி மஞ்சளாக்கிய செவ்வந்திக்கல்தான் கடைகளில் பெரும்பாலும் 'சிட்ரின்' என்ற பெயரில் விற்கிறது. அதை ஜோசியர்கள் புஷ்பராகத்துக்குப் பதிலாகக் குருவுக்குப் போடச் சொல்வார்கள்.