டிஸ்லெக்சியா: தமிழில் எப்படிச் சொல்வது?

அறிவில் குறையில்லாத பிள்ளையும் வாசிக்கத் தடுமாறும் நிலைக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். இது கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கிய சொல். 'டிஸ்' என்றால் இடர், கேடு. துர்நாற்றம், துர்ப்பாக்கியம் என்கிறோமே, அந்த வடமொழித் 'துர்' இதற்கு உறவு. 'லெக்சிஸ்' என்றால் சொல். ஜெர்மனியின் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் அவர் பெயரிட்டது குழந்தைகளின் சிக்கலுக்கு அல்ல, மூளைப் பாதிப்பால் வாசிப்பை இழந்த பெரியவர்களின் நிலைக்கு. 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர், 'பிறவிச் சொற்குருடு'.

அந்தக் 'குருடு' இன்னும் நம்மை விடவில்லை. பிள்ளை எழுத்தை மாற்றிப் படித்தால் முதலில் கண்ணாடிக் கடைக்குத்தான் ஓடுகிறோம். பார்வையையும் செவித்திறனையும் சோதிப்பது சரி. ஆனால் இது கண்ணின் கோளாறு அல்ல. ஒலியைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில்தான் தடை.

தமிழில் பலரும் 'கற்றல் குறைபாடு' என்கிறார்கள். அது குடைச்சொல். வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாவற்றின் இடர்களும் அதற்குள் அடங்கும். போதாததற்கு, பிரிட்டனில் இதற்கு நேரான 'லேர்னிங் டிசபிலிட்டி' என்ற ஆங்கிலத் தொடர் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைவைக் குறிக்கிறது. அந்நாட்டு இணையப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கலங்கும் பெற்றோர் உண்டு. டிஸ்லெக்சியாவுக்கு 'வாசிப்பு இடர்பாடு' என்பதே பொருந்தும். எங்கே இடறுகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தமிழ் எழுத்தில் இடறும் இடங்கள் தனி. 'கொ'வில் முதலில் ஒலிப்பது க். கண்ணில் முதலில் படுவதோ ஒற்றைக்கொம்பு. 'கௌ'வின் பின்பாதி 'ள' போலவே இருப்பதால் 'கெள' என்று படிக்க வைக்கும். ன, ண, ந. ல, ள, ழ. ர, ற ஆகியவை பேச்சில் கலந்துவிடுவதால் காதும் கைகொடுக்காது. புள்ளி விட்டுப்போய்ப் 'பள்ளி' 'பளளி' ஆகும்.

பாடத்தைக் கடகடவென்று சொல்லும் பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா? கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். 'தமுபி', 'கோணசி' என்று பொருளில்லாச் சொல் நாலைந்து கொடுங்கள். ஒப்பிக்கும் பிள்ளை இங்கே நின்றுவிடும். இது நோயறிதல் அல்ல, வல்லுநரிடம் போகலாமா என்று முடிவெடுக்க உதவும் குறிப்பு மட்டுமே.

பத்து முறை எழுதச் சொல்வது பலன் தராது. மூன்றாம் முறையிலேயே வாய் நின்று, கை மட்டும் ஓடும். அரிசி பரப்பிய தட்டில் விரலால் எழுதும்போதே அந்த ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய முறைதான். நாளுக்கு 15 நிமிடம், க, கா, கி என ஒரே எழுத்துக் குடும்பம். ன, ண இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தருவது பரவலாக நடக்கும் தவறு. குழப்பத்தை நாமே உண்டாக்குகிறோம். ஒன்று நிலைத்த பிறகே மற்றது.

இந்தியாவில் இதற்கான மாற்றுத்திறன் சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான். பயிற்சிக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவை அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மொழிப்பாட விலக்கைக் கேட்குமுன் மேற்படிப்புக்கு எந்த மொழி தேவைப்படும் என்று பாருங்கள். விண்ணப்பத்தில் மட்டும் சான்றிதழில் உள்ள சொல்லையே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். அங்கே நம் 'வாசிப்பு இடர்பாடு' வேண்டாம்.