ஸ்கூட்டி விழுவது கேற்றடியில்

"மிஸ், நான் ஓடி விழேல்லை. நிண்டு விழுந்தனான்."

இப்படிச் சொன்ன அக்காவுக்கு 52 வயது. வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு கிழமை பிளாஸ்டர் போட்டுக் கழற்றியபின் பயிற்சிக்காக என்னிடம் அனுப்பியிருந்தார்கள். (ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஸ்கூட்டி வாங்கி மூன்று கிழமைக்குள், கொழும்பின் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களுக்கு நடுவே பம்பலப்பிட்டி வரைக்கும் போய் வந்துவிட்டார். ஒரு கீறல் இல்லை. விழுந்தது வெள்ளவத்தையில் தன் வீட்டுக் கேற்றடியில்.

கேற்றைத் திறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தாமல், வலது கையை அக்சிலேட்டரில் வைத்தபடியே இடது பக்கமாக இறங்கப் பார்த்திருக்கிறார். காலடியில் மரக்கறிப் பை. ஸ்கூட்டி சற்றுச் சரிந்தது. சரிகிற எதையும் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். உடம்பு பின்னுக்குப் போக, பிடி முறுகி அக்சிலேட்டர் திறந்துகொண்டது. கியர் பைக் என்றால் நியூட்ரலில் நின்று வெறும் சத்தம் போட்டிருக்கும். ஸ்கூட்டிக்கு நியூட்ரல் ஏது? ஒரே பாய்ச்சலில் கேற்றில் போய் முட்டியது. அக்கா கையை ஊன்றி விழுந்தார்.

நான் கொழும்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். சாப்பாடு கொண்டு ஓடுகிற பொடியன்களும் வருவார்கள். அவர்களுடைய காயம் வேறு: கெண்டைக்கால் எலும்பு, தோள்பட்டை, வேகத்தில் அடிபட்டது. நாற்பத்தைந்துக்கு மேல் ஸ்கூட்டி பழகியவர்கள் கொண்டுவருவது மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால் கேற்றடி, ஃபிளாட் கார் பார்க்கின் சரிவு, ஒழுங்கை முனை, கடை வாசல் என்றுதான் பதில் வரும். நடை வேகத்தைவிட மெதுவாகப் போகும்போது, அல்லது நிற்கும்போது.

ஆனால் வீட்டுக்காரர் பயப்படுவது பஸ்ஸுக்கு. பழக்குகிறவரும் பெரிய றோட்டைப் பற்றியே சொல்லிக் கொடுக்கிறார். நிறுத்துவது, இறங்குவது, உருட்டுவது, ஸ்டாண்ட் போடுவது எல்லாம் தன்பாட்டில் வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். இருபது வயதில் வரும். ஐம்பதில் அதைத் தனியாகப் பழக வேண்டும்.

"இந்த வயசில உனக்குத் தேவையோ?" என்ற கேள்வியையும் இந்த வயதில் பழகுகிற எல்லோரும் காதில் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நரைத்த தலையோடு ஸ்கூட்டியில் சந்தைக்குப் போகிறவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொழும்பில்தான் அது குடும்பக் கூட்டம் போடுகிற விஷயம். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கொடுத்தார்கள். அந்த 4 லீற்றரில் ஒரு ஸ்கூட்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று அப்போது கணக்குப் பார்த்த அம்மாமார் பலர். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. தேவைதான். ஆகவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நானே பழகியது 44 வயதில்.

உரிமத்துக்கு முன் நுகேகொடையில் உள்ள தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கண், பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். அதற்கு மேல் நான் என் அறையில் சிலவற்றைச் செய்து பார்க்கச் சொல்வேன். ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா, இரண்டு காலிலும் தனித்தனியாக. ஈரத் துவாயைப் பிழிந்தால் தண்ணீர் வடிகிறதா, இல்லை மணிக்கட்டு வலிக்கிறதா. கதிரையில் இருந்தபடி தோளுக்கு மேலால் திரும்பிப் பின்சுவரைப் பார்க்க முடிகிறதா. இந்தக் கடைசிச் சோதனையில்தான் பலர் மாட்டுவார்கள். கழுத்துத் தேய்மானம் உள்ளவர் கண்ணாடியில் மட்டும் பார்த்து வலது பக்கம் வெட்டுவார். பக்கத்தில் வருகிற ஆட்டோ கண்ணாடியில் விழாத இடத்தில் இருக்கும். இரண்டு மாதம் கழுத்துப் பயிற்சி செய்தால் நல்ல மாற்றம் தெரியும். அதுவரை பொறுக்கலாம்.

மூக்குக்கண்ணாடியையும் கவனியுங்கள். மேலே தூரத்துக்கு, கீழே வாசிப்புக்கு என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடி போட்டு முன் டயருக்குக் கிட்டக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் பள்ளம் கலங்கித் தெரியும். ஓடுவதற்குத் தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக வைத்திருப்பது நல்லது. சீனி வருத்தம் உள்ளவர்களிடம் பாதம் மரத்திருக்கிறதா என்று கேட்பேன். கால் எங்கே ஊன்றியது என்று தெரியாதவர் சரிவில் நிறுத்தக்கூடாது. தடிமனுக்குப் பிரிற்றோன் மாத்திரை போட்ட அன்று ஸ்கூட்டியை எடுக்கவே வேண்டாம், நித்திரை தூக்கும்.

வாங்கும்போது நிறம் பார்க்க முதல் ஏறி இருந்து பாருங்கள். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படிய வேண்டும். நுனிக்கால் பத்தாது. ஸ்கூட்டி எடை நூறு கிலோவைச் சுற்றி இருக்கும். சாமான் வைத்தால் இன்னும் கூடும். அது சரியத் தொடங்கினால் ஒரு கட்டம் வரை தாங்கலாம், அதற்கு மேல் விட்டுவிட்டு விலக வேண்டும். பிளாஸ்டிக் உடைந்தால் மாற்றலாம். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், விழும்போது ஒருவரும் விடுவதில்லை. நானும் விடவில்லை. எங்கள் ஃபிளாட் சரிவில் தாங்கப் போய் நாரி பிடித்து, என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிற பயிற்சியை மூன்று கிழமை நானே செய்தேன்.

இன்னொன்று: கையில் 100 சீசீ வரைக்குமான ஏ1 உரிமத்தை வைத்துக்கொண்டு 110 சீசீ ஸ்கூட்டி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். "ஸ்கூட்டிதானே" என்கிறார்கள். அதற்கு ஏ வகை உரிமம் வேண்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் கேட்கும்போதுதான் தெரியவரும்.

பழகுவதற்கு வெறும் கார் பார்க் போதும். முதல் கிழமை ஓடவே வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுங்கள், திருப்புங்கள், ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். பிறகு பத்து மீற்றர் ஓடி நிற்பது, திரும்பத் திரும்ப. நின்ற பின்தான் கால் இறங்க வேண்டும். சைக்கிள் பழக்கத்தில் ஓடும்போதே காலைத் தேய்த்து நிறுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் முழங்கால் முறுகுகிறது. நின்றதும் இடது கையால் பின் பிரேக்கைப் பிடித்தபடி, வலது கையால் சாவியைத் திருப்பி அணையுங்கள். அதற்கப்புறம் இறங்கலாம். வலது கை அக்சிலேட்டரை விட்டு எடுபடுகிறது அல்லவா, கேற்றடிப் பாய்ச்சலுக்கு இடமில்லை.

முன் பிரேக் வலது கையில். நேராகப் போகும்போது நன்றாக நிறுத்துவது அதுதான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, அதுவும் மரைன் டிரைவ் ஓரத்தில் காற்று கொண்டுவந்து போட்ட மணலில், அதே பிரேக் ஆளைப் படுக்க வைத்துவிடும்.

திரும்ப ஓட வருகிற ஐயாமார் தனி ரகம். "நான் அந்த நாளில எம்டி 90 ஓடினனான், எனக்குப் பழக்கத் தேவையில்லை" என்றார் ஒருவர். எம்டி 90 பழைய ஹொண்டா கியர் பைக். அதற்குப் பின் பிரேக் வலது காலில். நாற்பது வருசம் கழித்தும் அவசரத்தில் அந்தக் கால் மறக்கவில்லை. ஸ்கூட்டியின் கால்தட்டை ஓங்கி மிதித்திருக்கிறார். ஸ்கூட்டி போய்க்கொண்டே இருந்தது. மதில் நிறுத்தியது.

உடுப்பு விஷயம் சின்னதாகத் தெரியும். சோல் நுனி பின் சில்லில் சுற்றினால் கழுத்தை இழுக்கும். அதைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். கொண்டை போட்டு அதன் மேல் ஹெல்மெட் போட்டால் அது முன்னுக்குச் சரிந்து நிற்கும், விழும்போது கழன்றும் போகும். முடியைக் கழுத்தடியில் தாழ்த்திக் கட்டுங்கள். நாடிப் பட்டி பூட்டாத ஹெல்மெட் தொப்பி மாதிரித்தான். கையுறை போடச் சொன்னால் வெயில் என்பார்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலியும், ஊன்றுகிற கை முதலில் முறிவது மணிக்கட்டில். கையுறை முறிவைத் தடுக்காது என்றாலும் உள்ளங்கைத் தோலாவது மிஞ்சும்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை. மழை தொடங்கிய முதல் பத்து, பதினைந்து நிமிடம் றோட்டில் இருக்கிற எண்ணெயும் புழுதியும் குழைந்து சவர்க்காரம் போட்டதுபோல் இருக்கும். மஞ்சள் கடவையின் பூச்சிலும் இரும்பு மூடிகளிலும் டயர் வழுக்கும். ஒரு கடை ஓரமாக நின்று பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனால் என்ன?

விழுந்துவிட்டால் வெட்கத்தில் உடனே துள்ளி எழும்பாதீர்கள். தலை அடிபட்டாலோ, கழுத்து வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், தலையில் சின்ன அடி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும்.

அந்த அக்கா எட்டாவது முறை வந்தபோது, எப்போது திரும்ப ஓடலாம் என்று கேட்டார். ஈரத் துவாய் பிழிந்து காட்டினார், சரி. கீழே கூட்டிப்போய், சென்டர் ஸ்டாண்டில் நின்ற என் ஸ்கூட்டியில் ஏற்றி, இரண்டு பிரேக்கையும் முழுதாக அழுத்திப் பத்து விநாடி பிடிக்கச் சொன்னேன், ஐந்து தரம். பிடித்தார். மணிக்கட்டு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி இல்லை மிஸ். ஆனா உங்கட பின் பிரேக் சரியான லூஸ்."

அடுத்த நாள் காலையில் ஸ்கூட்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனேன்.