குங்குமப்பூவுக்கு விதை கிடையாது

தோட்டக்கலை ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: "குங்குமப்பூ விதை வாங்கிப் போட்டேன், வளர்ந்தது வேறு ஏதோ செடி."

குங்குமப்பூ மலட்டுச் செடி. குரோமோசோம் தொகுதி இரண்டாக இல்லாமல் மூன்றாக இருப்பதால் அது விதை பிடிக்காது. மண்ணுக்குள் குட்டிக் கிழங்கு விட்டுத்தான் பெருகும். ஆகவே, விதை என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

விதையில் ஏமாந்தால், சரி, பணத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். ஆனால் கிழங்கு மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து. கோல்ச்சிகம் என்றொரு அலங்காரச் செடி உண்டு. குரோக்கஸ் என்பது குங்குமப்பூவின் இனப்பெயர்; ஆனால் கோல்ச்சிகத்தையும் 'இலையுதிர்காலக் குரோக்கஸ்' என்றே விற்கிறார்கள். குங்குமப்பூ பூக்கும் அதே பருவத்தில் ஊதாச் சாயலில் பூக்கும். செங்காந்தள் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் நஞ்சு இதன் பூ, இலை, கிழங்கு எல்லாவற்றிலும் உண்டு. சாப்பிட்டதும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கும். அப்புறம் உள்ளுறுப்புகளே செயலிழக்கலாம்.

பூ விரிந்ததும் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். குங்குமப்பூவில் 3, கோல்ச்சிகத்தில் 6. குங்குமப்பூவின் நடுவிலிருந்து 3 அடர்சிவப்புச் சூல்முடிகள் நீண்டு வெளியே சாயும்; சமையலுக்கு உலர்த்தி எடுப்பது இவற்றைத்தான். இலை மிக ஒடுங்கியது, நடுவில் வெள்ளைக் கோடு ஓடும். கோல்ச்சிகம் பூக்கும்போது இலையே இருக்காது; அகன்ற இலைகள் பிறகுதான் வரும். துளி சந்தேகம் இருந்தாலும் அந்தப் பூ சமையலறைக்குள் போகக் கூடாது. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் செடியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நல்ல கிழங்கு கிடைத்துவிட்டால் வளர்ப்பு எளிது. 10 கிராமுக்குக் குறையாத கிழங்காகப் பார்த்து, கோடையின் கடைசியில், நன்றாக வெயில் படும் வடிகால் மண்ணில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். கோடை உறக்கத்தில் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். அந்த உறக்கத்தில், 23 முதல் 27 டிகிரி வெப்பத்தில்தான் கிழங்குக்குள் மொட்டு உருவாகிறது. அது வெளியே வர 17 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். குளிர்ச்சியே வராத இடத்தில் பூவை எதிர்பார்த்துச் செலவு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு கிராம் உலர்ந்த குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும். பூவைக் காலையிலேயே பறித்துவிடுங்கள். பறித்த பிறகு, பார்க்க நன்றாக இல்லையென்று பலர் இலையை நறுக்கிவிடுகிறார்கள். இந்த ஆண்டுக் கிழங்கு எப்படியும் சுருங்கிப்போகும். அடுத்த ஆண்டுக்கான புதுக் கிழங்கை ஊட்டி வளர்ப்பது அந்த இலைதான். தானாக மஞ்சளாகிக் காயும்வரை அதைத் தொடாதீர்கள்.