பிள்ளையின் முன்னால் பரம்பரையைப் பேசாதீர்கள்

இந்த மாதமும் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். தரம் 9 படிக்கிறான். வகுப்பில் இன்னொருவனை அடித்துவிட்டானாம். கூட வந்த பெரியப்பா கதிரையில் உட்காரும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "தகப்பன் குடிச்சுக் குடிச்சே அழிஞ்சவன், மிஸ். அந்த ரத்தந்தானே இவனுக்கும் ஓடுது. கதைச்சு என்ன மாறப்போகுது?" பையன் பக்கத்தில்தான் நின்றான்.

அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பேச்சை மாற்றத் தேவையிருக்கவில்லை. இங்கே திருகோணமலையில் அதை உப்புவெளியிலும் கேட்கிறேன், மூதூரிலும் கேட்கிறேன். கிண்ணியாவில் "வாப்பாட குணம்", அதாவது தகப்பனின் குணம், என்பார்கள். உளவளத்துணையாளராக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

மனிதனின் குணம் பிறப்பிலா, வளர்ப்பிலா என்பது பழைய சண்டை. நம் பழமொழிகளே இரண்டு கட்சியாக நிற்கின்றன. நூலைப் போல சேலை என்று ஒன்று, ஐந்தில் வளைக்கச் சொல்லி இன்னொன்று. தத்துவ அறிஞர்களும் அப்படித்தான். பிறக்கும்போது மனம் எழுதாத வெள்ளைத்தாள் என்று 1690இல் ஜான் லொக் எழுதினார். பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி 1693இல் எழுதியபோது அதே லொக், ஒவ்வொருவருக்கும் இயல்பிலேயே ஒரு சுபாவம் உண்டு, அதைக் கொஞ்சம் திருத்தலாம், முழுதாக மாற்றுவது கடினம் என்றும் சொன்னார். இந்தச் சண்டையை ஆழமாகப் பார்த்தவர்கள் ஒரே பக்கத்தில் நின்றுவிடவில்லை.

"ரத்தம்" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1875இல் இரட்டையர்களை ஒப்பிட்டுப் பரம்பரையின் பலத்தை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ற்றன், 1883இல் நல்ல வம்சத்தைப் பெருக்கும் கொள்கைக்கு "யூஜெனிக்ஸ்" என்று பெயரும் வைத்தார். ஐம்பது வருடத்தில், 1933இல், ஜேர்மனி அதைச் சட்டமாக்கியது. ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அந்தச் சட்டத்தின் பட்டியலில் கடும் குடிநோயும் இருந்தது. குடிகாரனின் பிள்ளை பிறக்கவே கூடாது என்ற முடிவு அது.

சரி, குடிநோயில் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, மறுக்கமாட்டேன். 1973இல் டென்மார்க்கில் டொனால்ட் குட்வினும் குழுவினரும் தத்துப் போன ஆண்பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பிறந்து சில வாரங்களிலேயே பிரிக்கப்பட்டு வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள். பெற்றவர்களில் ஒருவர் குடிநோயாளியாக இருந்த 55 பேரில் 10 பேர் குடிநோயாளிகள் ஆகியிருந்தார்கள், அதாவது 18 வீதம். மற்றத் தத்துப்பிள்ளைகளில் அது 5 வீதந்தான். பரம்பரைக் கட்சிக்காரர் தூக்கிப் பிடிக்கிற ஆய்வு இது. ஆனால் அதே 55 பேரில் 45 பேர் அப்படி ஆகவில்லை என்பதையும் பாருங்கள். அவர்கள் அப்போது முப்பது வயதையொட்டிய இளைஞர்கள், பிறகு இன்னும் சிலர் வழுக்கியிருக்கலாம். அதைக் கணக்கில் எடுத்தாலும் "இவனும் அப்படித்தான் ஆவான்" என்று அடித்துச் சொல்ல இதில் இடமில்லை.

என்னை அதிகம் வருத்தும் தவறான எண்ணம் ஒன்று உண்டு: பரம்பரையாக வந்தால் மாறாது என்பது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். கிட்டப்பார்வை பரம்பரையிலும் வரும், கண்ணாடி போட்டால் பிள்ளை கரும்பலகையைப் படிக்கிறது. உயரத்தை எடுங்கள். ஒரே சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள உயர வித்தியாசத்தில் பெரும்பங்கு பரம்பரையால் வருவது. ஆனாலும் தென்கொரியாவில் 1996இல் பிறந்த பெண்கள், 1896இல் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயரம். நூறு வருடத்தில் மரபணு அவ்வளவு மாறாது. சாப்பாடும் சுகாதாரமும் வாழ்க்கையும் மாறின.

ஐம்பது வருடத்து இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஒரு பெரிய கணக்கு வந்தது. எல்லா இயல்புகளையும் சேர்த்துப் பார்த்தால் பரம்பரையின் பங்கு சராசரியாக 49 வீதம். உடனே, பிள்ளையில் பாதி அப்பா, பாதி வளர்ப்பு என்று வெட்டிப் பிரித்துவிடாதீர்கள். பெரிய கூட்டமொன்றில் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு இது. உங்கள் முன்னால் நிற்கிற ஒரு பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெரியப்பா அவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தையும் அவன் வளரும் சூழலில் சேர்ந்துகொள்கிறது. "நீயும் அப்பன்தான்" என்று நாளுக்கு நாள் கேட்டு வளர்கிற பையன், தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று முடிவெடுத்துவிடுகிறான். அதன்பிறகு அவனுடன் கதைப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "தாய் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள், வளர்ப்புச் சரியில்லை" என்று அம்மாவின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. போரையும் 2004 கடல்கோளையும் கண்டவர்கள் பிள்ளை வளர்க்கும் வீடுகள் இங்கே நிறைய. கதவு அடித்துச் சாத்தினாலே திடுக்கிடுகிற அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைக்கும் அந்தப் பதற்றம் வரலாம். அதில் ரத்தம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. அந்தக் கிழவியைக் குற்றம் சாட்டவும் எனக்கு மனமில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. குடும்பத்தில் யாருக்குக் குடிநோய், யாருக்கு மனநோய் என்பது எங்களுக்குத் தேவையான தகவல். பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். பரம்பரையில் குடி இருக்கிறதென்றால் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கலியாண வீட்டில் "ஒரு கிளாஸ்தானே" என்று நீட்டும் மாமாவைத் தடுத்து நிறுத்துங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதே இலங்கையில் சட்டப்படி குற்றம், எத்தனை பேர் அதை நினைக்கிறோம்?

ஆசிரியர்களே, தயவுசெய்து, "அண்ணனையும் நான்தான் படிப்பிச்சேன், அவனும் இப்படித்தான்" என்பதை அடுத்த வகுப்பாசிரியருக்குக் கையளிக்காதீர்கள். கண், காது, நித்திரை, காலைச் சாப்பாடு, இவற்றை முதலில் விசாரியுங்கள். பாதிப் பேருடைய "குணம்" அங்கேயே தெளிவாகிவிடும்.

இன்னொன்று. நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சில வாரங்களில் ஒதுங்கினாலோ, எரிந்து விழுந்தாலோ, வீட்டுக்குப் போகப் பயந்தாலோ, அதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். குணம் அப்படித் திடீரென மாறாது. யாரோ அந்தப் பிள்ளைக்கு ஏதோ செய்கிறார்கள், அல்லது பிள்ளைக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். மனச்சோர்வு என்றால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இரவில் நிலைமை மோசமானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல உதவி இலக்கம் 1926.